ஒரே பொத்தான், அறுபது வரிகள்: பழி யார் தலையில்?

ஒரு கல்லூரியின் இன்டர்னல் மார்க் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது மாணவர்கள், அறுபது வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு பொத்தான்: ‘அனைத்தையும் சேமி’. பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. புராஜெக்ட் வைவாவில் காட்டினால் கைதட்டலும் கிடைக்கும்.

காலை 10 மணிக்கு ஓர் ஆசிரியை அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். 17வது வரியில் இருக்கும் மாணவனுக்கு 12 மார்க் என்று காட்டுகிறது. 10.05க்கு இன்னொரு ஆசிரியர் வேறொரு கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறக்கிறார். மறுதேர்வு எழுதிய அந்த மாணவனுக்கு 12ஐ 18 ஆகத் திருத்திச் சேமித்துவிட்டுப் போய்விடுகிறார். ஆசிரியை 40வது வரியில் ஒரே ஒரு மார்க்கை மட்டும் மாற்றிவிட்டு 10.20க்குப் பொத்தானை அழுத்துகிறார். ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் செய்தி வருகிறது.

17வது வரி என்ன ஆனது? மறுபடியும் 12!

ஆசிரியை அந்த வரியைத் தொடவே இல்லை. ஆனால் அவருடைய பக்கத்தில் 10 மணி நிலவரப்படி 12 என்று இருந்தது. பொத்தானை அழுத்தியதும் அறுபது வரிகளும் அப்படியே டேட்டாபேஸுக்குள் திரும்பப் போயின. பழைய 12, புதிய 18ஐ மிதித்துவிட்டது. மாணவன் வந்து கேட்டால் ‘நான் போட்டேனப்பா’ என்பார் ஆசிரியர். லாகை எடுத்துப் பார்த்தால் 10.20க்கு 17வது வரியைக் கடைசியாக மாற்றியது அந்த ஆசிரியை என்றுதான் இருக்கும். ‘தொடவில்லை’ என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அல்லவா!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் செய்தது அந்தப் பொத்தானுக்குப் பின்னால் பத்து வரி கோடு எழுதியவர். பழி சுமப்பது மார்க்கை உள்ளிட்டவர். இழப்பதோ, இந்தக் கதையில் எங்குமே இல்லாத ஒரு மாணவன்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சமையல் குறிப்பு

ஏஎஸ்பி.நெட் 2.0 வெளிவந்தது 2005 நவம்பரில். பழைய டேட்டாகிரிட் போய் கிரிட்வியூ வந்தது. ஒரு வரி கோடுகூட எழுதாமல் டேட்டாபேஸ் டேபிளைப் பக்கத்தில் காட்டலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்றதும் எல்லோருக்கும் குஷி. ஆனால் ஒரு குறை. கிரிட்வியூ ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் திருத்த விடும். ‘எடிட்’ அழுத்தினால் ஒரு முறை சர்வருக்குப் போய் வரும், ‘அப்டேட்’ அழுத்தினால் இன்னொரு முறை. அறுபது மாணவர்களுக்கு மார்க் போட 120 முறை பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இது கொடுமைதான். ‘மொத்தமாகத் திருத்த வழி வேண்டும்’ என்று கேட்டவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. நியாயமான கோரிக்கை.

தப்பு பதிலில்தான். ஒரு வரியைத் திருத்தும் வசதியை அறுபது முறை லூப்பில் சுற்றினால் அதுதான் மொத்தத் திருத்தம் என்று ஒரு சமையல் குறிப்பு பரவியது. டெம்ப்ளேட்ஃபீல்டில் டெக்ஸ்ட்பாக்ஸை வை. பொத்தானை அழுத்தினால் கிரிட்டின் ஒவ்வொரு வரியாகப் போ. ஃபைண்ட்கண்ட்ரோல் போட்டு டெக்ஸ்ட்பாக்ஸைப் பிடி. அதில் இருப்பதை அப்டேட் கட்டளையில் வைத்து ஓட்டு. அடுத்த வரி. முடிந்தது!

இதைவிடக் ‘கெட்டிக்காரத்தனமான’ இன்னொரு குறிப்பும் உண்டு. அறுபது அப்டேட் கட்டளைகளையும் ஸ்ட்ரிங்பில்டரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே தடவையில் அனுப்பிவிடுவது. வேகம் கூடும் என்பது வாதம். கூடும்தான். கூடவே, குறிப்பு எழுதும் கட்டத்தில் யாராவது ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டினால் அறுபது வரிகளும் சேர்ந்து கவிழும். விஷமம் தெரிந்தவர் தட்டினால் டேபிளே போகும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு இப்படித் தாம்பூலம் வைத்து அழைப்பு விடுப்பதற்குப் பெயர் வேகமா?

பாதியில் நின்ற வண்டி

அடுத்த கோளாறு. 38வது மாணவன் தேர்வுக்கே வரவில்லை. மார்க் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘ஆப்சென்ட்’ என்று எழுதிவிட்டார் உள்ளிட்டவர். லூப் ஒன்றிலிருந்து 37 வரை ஓடி, 38ல் முட்டி நிற்கும். திரையில் ஏஎஸ்பி.நெட்டின் புகழ்பெற்ற மஞ்சள் நிறப் பிழைப் பக்கம். 37 வரிகள் உள்ளே போய்விட்டன, 23 வரிகள் போகவில்லை. எது போனது, எது போகவில்லை என்று அந்த மஞ்சள் பக்கம் சொல்லுமா? சொல்லாது.

உள்ளிட்டவர் என்ன செய்வார்? தவறைத் திருத்தி மறுபடியும் அழுத்துவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மார்க்கை நேரடியாக எழுதும் பக்கமாக இருந்தால் தப்பித்தோம்: 15 இருக்கும் இடத்தில் மறுபடி 15ஐ எழுதினால் 15தான். ஆனால் ‘அனைவருக்கும் 5 கிரேஸ் மார்க்’ என்று இருப்பதோடு ஐந்தைக் கூட்டும் பொத்தானாக இருந்தால்? முதல் 37 பேருக்குப் பத்து மார்க், மீதிப் பேருக்கு ஐந்து. வரிசையில் முன்னால் பெயர் வந்த பாக்கியம்!

டேட்டாபேஸ்காரர்கள் இதற்கு மருந்து கண்டுபிடித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. டிரான்சாக்‌ஷன். எல்லாம் நடக்க வேண்டும், அல்லது எதுவுமே நடந்திருக்கக் கூடாது. இந்தத் துறையில் செய்த வேலைக்காகத்தான் ஜிம் கிரேக்கு 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. ‘ஆசிட்’ என்ற சுருக்கப் பெயரை ஹேர்டரும் ராய்ட்டரும் வைத்தது 1983ல். டிபிஎம்எஸ் பரீட்சையில் ஆசிட்டுக்கு விரிவாக்கம் எழுதி மார்க் வாங்காத மாணவன் உண்டா? அதே மாணவன் லூப்பை எழுதும்போது டிரான்சாக்‌ஷனைத் தொடங்க மறந்துவிடுகிறான். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு சரி.

டிரான்சாக்‌ஷன் போட்டால் போதுமா?

போதாது. இங்கேதான் விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். ‘லூப்பைச் சுற்றி டிரான்சாக்‌ஷன் போட்டுவிட்டேன், இனி கவலையில்லை’ என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

முதலில் பார்த்த 17வது வரிக்கு வரலாம். ஆசிரியையின் அறுபது அப்டேட்டுகளும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஓடியதாகவே இருக்கட்டும். எல்லாம் நடந்தது. ஒன்றும் பாதியில் நிற்கவில்லை. அப்படியும் 18 போய் 12 வந்துவிடும். ஏன்? அவர் படித்தது 10 மணிக்கு, எழுதியது 10.20க்கு. டிரான்சாக்‌ஷன் பாதுகாப்பது எழுதும் அந்தச் சில நொடிகளை மட்டும். நடுவில் ஓடிய இருபது நிமிடங்களுக்கு அது பொறுப்பல்ல. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஆசிரியை டீ குடிக்கப் போகலாம், வகுப்புக்குப் போகலாம், உலாவியை மூடிவிட்டு வீட்டுக்கே போகலாம். அதுவரை அறுபது வரிகளையும் பூட்டி வைக்க முடியுமா? முடியாது, வைக்கவும் கூடாது.

பூட்டாமல் சமாளிப்பது எப்படி என்பதற்கும் பதில் பழையதுதான். குங், ராபின்சன் இருவரும் 1981லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். சாரம் எளிமையானது: யாரையும் தடுக்காதே, எழுதும் நேரத்தில் மட்டும் ‘நான் படித்தபோது இருந்தது இப்போதும் அப்படியே இருக்கிறதா’ என்று கேள். இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே, சொல்லிவிடு. அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட்காரர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எஸ்கியூஎல்டேட்டாசோர்ஸில் கான்ஃப்ளிக்ட்டிடெக்‌ஷன் என்று ஒரு பண்பே இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ விஸார்டில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானுக்குப் பின்னால் அதற்கான செக்பாக்ஸும் இருக்கிறது. ஆனால் நாமாக எதுவும் செய்யாவிட்டால் அந்தப் பண்பின் மதிப்பு என்ன தெரியுமா? ஓவர்ரைட்சேஞ்சஸ். அதாவது, வந்ததையெல்லாம் மிதித்துக்கொண்டு போ என்பதுதான் இயல்பான நிலை! பாதுகாப்பு வேண்டுமென்றால் தேடிப் போய் டிக் செய்ய வேண்டும்.

டிக் செய்தாலும் கதை முடியாது. மோதல் வந்தால் பிழை எதுவும் எழும்பாது. அப்டேட் கட்டளை சத்தமில்லாமல் பூஜ்ஜியம் வரிகளை மாற்றிவிட்டு ‘வேலை முடிந்தது’ என்று திரும்பி வரும். பாதிக்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கையை வாங்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். எக்ஸிகியூட்நான்குவெரி ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை ஒழுங்காகக் கையில் கொடுக்கிறது. சமையல் குறிப்புகளோ அதை வாங்கிக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகின்றன. பிறகு, லூப் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று அச்சடிக்கின்றன. எண்ணிப் பார்க்காமலேயே ‘கணக்கு சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் காஷியரை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா?

கருவி மாறியது, பழக்கம் மாறவில்லை

‘இதெல்லாம் கிரிட்வியூ காலத்துக் கதை, இப்போது யார் அதைத் தொடுகிறார்கள்’ என்று கேட்கலாம். சரி, வேறு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஜாங்கோவின் அட்மின் பக்கத்தில் பட்டியலிலேயே பல வரிகளைத் திருத்தும் வசதி 2009ல், 1.1 பதிப்பில் வந்தது. அதே ஜாங்கோவில் குவெரிசெட்டின் அப்டேட்டைக் கூப்பிட்டால் ஒரே கட்டளையில் ஆயிரம் வரிகள் மாறும். ஆனால் மாடலில் நீங்கள் எழுதி வைத்த சேவ் மெத்தட் ஓடாது, சிக்னல்களும் போகாது. ரெயில்ஸில் அப்டேட்ஆல் என்று ஒன்று உண்டு. அது வாலிடேஷன், கால்பேக் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடும். இவை ரகசியமல்ல, ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘மார்க் 25ஐத் தாண்டக் கூடாது’ என்று மாடலில் காவல் போட்டுவிட்டு, மொத்தத் திருத்தத்தின்போது அந்தக் காவல்காரன் தூங்குவான் என்பது தெரியாமலேயே பொத்தான் வைப்பவர்கள் எத்தனை பேர்! வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்த வீடு.

ஜாவாஸ்கிரிப்ட் கிரிட்டுகளிலும் இதே கதைதான். திரை மினுமினுக்கிறது. பின்னால் போவது பெரும்பாலும் அதே பழைய ‘அறுபதையும் அனுப்பு, கடைசியில் வந்ததே ஜெயிக்கும்’ முறை. இத்தனைக்கும் ஹெச்டிடிபியிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஈடேக், இஃப்-மேட்ச், ஒத்துப்போகாவிட்டால் 412 என்ற பதில்: இவையெல்லாம் 1999ஆம் ஆண்டின் ஹெச்டிடிபி 1.1 வரையறையில் இருப்பவை. 404ஐத் தெரியாதவர் கிடையாது. 412ஐ எத்தனை பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது அனுப்பியிருப்பார்கள்?

சாக்குகள் மூன்று

‘சின்ன புராஜெக்ட், ஒருவர்தான் பயன்படுத்துவார்.’ இது முதல் சாக்கு. ஒருவரே இரண்டு டேபில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்தால் அவர் இருவருக்குச் சமம். காலையில் திறந்த டேபில் சாயங்காலம் ‘சேமி’ அழுத்தினால், காலையில் இருந்த தன்னையே மிதித்துவிடுவார். தவிர, எந்தச் சின்ன புராஜெக்ட் சின்னதாகவே இருந்திருக்கிறது?

‘கடைசியாகச் சேமித்தவர் ஜெயிப்பார், டேட்டாபேஸ் அப்படித்தான்.’ இது இரண்டாவது. டேட்டாபேஸ் அப்படியெல்லாம் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தால் அது எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளும். ‘கடைசியில் வந்தவர் ஜெயிப்பார்’ என்பது எழுதியவர் எடுத்த முடிவு, இயற்கையின் விதி அல்ல. அந்த முடிவை எடுத்தோம் என்றே தெரியாமல் எடுத்திருப்பதுதான் வேடிக்கை. சில இடங்களில் அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். தெரிந்து எடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

‘இதெல்லாம் செய்ய நேரமில்லை.’ மூன்றாவது சாக்கு, எல்லோருக்கும் பிடித்தமானது. உண்மையில் எவ்வளவு வேலை என்று பார்த்துவிடலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

முதலாவது, மாறிய வரிகளை மட்டும் எழுதுங்கள். பக்கத்தை அனுப்பும்போது இருந்த மதிப்பு, திரும்ப வந்த மதிப்பு, இரண்டையும் ஒப்பிட்டால் போதும். ஆசிரியை 40வது வரியை மட்டும் மாற்றினால் 40 மட்டும் போகும். 17 பிழைத்துக்கொள்ளும். பாதிக்கு மேற்பட்ட விபத்துகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதிப்பு எண். எஸ்கியூஎல் சர்வரில் ரோவெர்ஷன் என்று ஒரு டேட்டாடைப்பே இருக்கிறது. எட்டு பைட்டுகள். வரி மாறும்போதெல்லாம் தானாக மாறிக்கொள்ளும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். அப்டேட் கட்டளையின் ‘வேர்’ பகுதியில் ஐடியோடு இந்தப் பழைய எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், இருவர் ஒரே வரியை மாற்றும்போது இரண்டாமவருக்குப் பூஜ்ஜியம் வரிகள் என்று பதில் வரும். கிரேஸ் மார்க் பொத்தானை அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினாலும் இதே எண்தான் காப்பாற்றும். இரண்டாவது அழுத்தல் பழைய எண்ணோடு வந்து வாசலிலேயே நின்றுவிடும்.

முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் என்ன ஆகும்? ஆசிரியை தொடாத 17வது வரிக்காக அவருக்கே எச்சரிக்கை வரும். எதற்கென்றே புரியாமல் விழிப்பார். அதனால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

மூன்றாவது, ஒன்றாகவா தனித்தனியாகவா என்று முடிவெடுங்கள். ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும் வேலையென்றால் எல்லாம் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவும் கூடாது. மார்க் அப்படியல்ல. 38வது வரியில் தவறு என்பதற்காக மற்ற 59 பேரின் மார்க்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சரியானதைச் சேமித்து, தவறானதை மட்டும் சிவப்பில் காட்டலாம். இரண்டும் சரியான முடிவுகளே. ‘எங்கே முட்டியதோ அங்கே நின்றது’ என்பது மட்டும் முடிவே அல்ல.

நான்காவது, உண்மையைச் சொல்லுங்கள். ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தைத் தூக்கிப் போடுங்கள். ‘நீங்கள் மாற்றியது 3 வரிகள். 2 சேமிக்கப்பட்டன. 17வது வரியை 10.10க்கு வேறொருவர் 18 ஆக மாற்றியிருக்கிறார். என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். ஜிமெயிலைப் பாருங்கள். ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று டிக் செய்தால், தேர்வானது இந்தப் பக்கத்தில் இருக்கும் மடல்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, மொத்தத்தையும் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு சுட்டி தருகிறது. கிரிட்வியூவின் தலைப்பில் செக்பாக்ஸ் வைப்பவர்கள் யாராவது இதைச் சொல்கிறார்களா? பக்கத்துக்குப் பத்து வரிகள் என்பது கிரிட்வியூவின் பேஜிங்கில் இயல்பான அளவு. அறுபதையும் தேர்ந்தெடுத்ததாக நினைத்து பத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போவார் பயனர்.

ஐந்தாவது, பழைய மதிப்பை எங்காவது எழுதி வையுங்கள். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு. 12 என்பது 18 ஆகி மறுபடி 12 ஆனது என்று ஒரு வரலாறு இருந்தால், மாணவன் வந்து நிற்கும்போது ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இவை ஐந்தும் சேர்ந்தால் ஒரு நாள் வேலை, அதிகம் போனால் இரண்டு. வேகம் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. டேபிளையே பாராமீட்டராக அனுப்பும் வசதி எஸ்கியூஎல் சர்வர் 2008ல் வந்துவிட்டது. எந்தெந்த வரிகள் மாறின என்று திருப்பிச் சொல்லும் அவுட்புட் என்ற வசதி அதற்கும் முன்பே, 2005லேயே வந்தது. ஸ்ட்ரிங்பில்டரில் கட்டளைகளை ஒட்ட வேண்டிய அவசியம் எப்போதோ போய்விட்டது.

கடைசியாக

மொத்தமாகத் திருத்தும் பொத்தான் வேண்டாம் என்பது இங்கே வாதமல்ல. கட்டாயம் வேண்டும். 120 முறை சொடுக்க வைப்பதும் ஒருவிதக் கொடுமைதான். ஆனால் ஒரு வரியைத் திருத்தும்போது ஏற்படும் தவறு ஒருவரைப் பாதிக்கும், கண்ணுக்கும் தெரியும். அறுபது வரிகளைச் சேர்த்துத் திருத்தும்போது ஏற்படும் தவறு, யார் கண்ணிலும் படாமல், சம்பந்தமே இல்லாத ஒருவரைப் போய்ச் சேரும். பொத்தானின் பலம் அறுபது மடங்கு கூடும்போது எழுதுபவரின் பொறுப்பும் கூட வேண்டாமா?

டேட்டா என்ட்ரி செய்பவரிடம் போய் ரோவெர்ஷன் பற்றிப் பேச முடியாது. அவருக்குத் தெரிந்தது அந்தப் பச்சை எழுத்து மட்டும்தான். அதை நம்பித்தான் அவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார். அந்த நம்பிக்கைக்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது ‘நீதானே மாத்தினே, லாகில் உன் பேர்தானே இருக்கு’ என்ற ஏச்சு.

அடுத்த முறை லூப்புக்குள் அப்டேட் எழுதக் கை போகும்போது, 17வது வரியில் இருப்பவனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அது நீங்களாகவும் இருக்கலாம். உங்கள் இன்டர்னல் மார்க்கும் யாரோ எழுதிய ஒரு கிரிட்டில்தான் இருக்கிறது.